சின்ன கவுண்டி, பழைய டிக்கெட், பெயரில் வாரண்ட்: எங்கே தேடுவது, எப்படி முடிப்பது?

ஃபிரிஸ்கோவாசி | திங்கள் இரவு 10.40

வணக்கம் மக்களே. 2023 தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் குடும்பத்தோடு பிக் பெண்ட் போய்விட்டுத் திரும்பும்போது மேற்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊரின் வாசலில் ஸ்டேட் ட்ரூப்பர் (மாநில நெடுஞ்சாலை போலீஸ்) நிறுத்தினார். 75 போட்டிருந்த சாலை ஊர் எல்லையில் 55 ஆகிவிட்டது, நான் 71ல் போயிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், அதில் சண்டை இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு நீளமாக ஒரு தாள் கொடுத்தார், அதுதான் டிக்கெட். அடுத்த மாதமே இர்விங்கிலிருந்து ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாற்றம், வீட்டில் பிரசவம், ஊரிலிருந்து மாமியார் வருகை... அந்தத் தாள் எந்த அட்டைப்பெட்டிக்குள் போனதோ இன்றுவரை கிடைக்கவில்லை. மறந்தே போனேன்.

போன வாரம் எச்1பி (வேலை விசா) நீட்டிப்பு வந்தது, லைசன்ஸ் புதுப்பிக்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் ஆஜராகவில்லை என்று ஒரு ஹோல்ட் (லைசன்ஸைப் புதுப்பிக்கத் தடை) இருக்கிறது, முடித்துவிட்டு வாருங்கள் என்றார். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தக் கவுண்டியின் இணையதளம் ஒரே பக்கம். கோர்ட்ஹவுஸ் படம், நான்கு ஃபோன் நம்பர், வாரண்ட் தேடும் வசதி எதுவும் கிடையாது. கூகுளில் என் பெயரைப் போட்டால் "3 பதிவுகள் கிடைத்துள்ளன, பார்க்கப் பணம் கட்டவும்" என்று ஒரு தளம். பயத்தில் கட்டியும் பார்த்தேன், ஃப்ளோரிடாவில் யாரோ ஒருவருடைய வீட்டு வரி விவரம் வந்தது.

டிசம்பரில் சென்னையில் விசா ஸ்டாம்பிங் வேறு இருக்கிறது. வாரண்ட் இருக்கிறதா என்று ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்) ஆபீஸுக்கே ஃபோன் போட்டுக் கேட்டுவிடலாமா? இரண்டு நாளாக வண்டியை எடுக்கவே கை நடுங்குகிறது.

லபக்குதாஸ் | திங்கள் இரவு 11.05

இதுக்கெல்லாமா பயப்படுவது. ஆன்லைனில் ஃபைனைக் கட்டுங்கள், முடிந்தது கதை. நான் இங்கே லபக்கில் இரண்டு தடவை கட்டியிருக்கிறேன்.

வேகோ_அக்கா | திங்கள் இரவு 11.48

தம்பி நில்லுங்கள், இன்றைக்கு எதையும் கட்டாதீர்கள். நான் வக்கீல் இல்லை, ஒரு வக்கீல் ஆபீஸில் 11 வருடமாகக் காகித வேலை பார்க்கிறவள். இந்த மாதிரி ஃபோன் வாரத்துக்கு நாலு வரும், அதில் ஒன்றாவது நம் ஆட்களுடையதாக இருக்கும்.

முதலில் எந்தக் கோர்ட் என்று கண்டுபிடிக்க வேண்டும், கவுண்டி பெயர் மட்டும் போதாது. டிக்கெட் எழுதியது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர் போலீஸ் எழுதினால் அது அந்த ஊரின் முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும். ட்ரூப்பரோ ஷெரிஃபின் டெபுடியோ எழுதினால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், அதாவது சின்ன கேஸ்களைப் பார்க்கும் ஜேபி கோர்ட். டெக்சஸில் 254 கவுண்டி இருக்கிறது. 18,000 பேருக்குக் குறைவான கவுண்டியில் ஒரே ஒரு ஜேபி இருக்கலாம், நான்கு பேர் வரையும் இருக்கலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிசிங்க்ட் (வட்டார) எண். ஒருவருடைய ஃபைல் அடுத்தவருக்குத் தெரியாது, சில இடங்களில் ஆபீஸே 30 மைல் தள்ளி இருக்கும். இவர்கள் போக கவுண்டி கிளார்க், டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்று வேறு இருவர் (8,000 பேருக்குக் குறைந்த கவுண்டியில் இரண்டு வேலைக்கும் ஒரே ஆளாக இருக்கலாம்). குடித்துவிட்டு ஓட்டிய கேஸ், அதற்கு மேலே உள்ளதெல்லாம் அவர்களிடம். உங்கள் ஸ்பீடிங் டிக்கெட்டைப் பற்றி அவர்களிடம் கேட்டால் "உங்கள் பெயரில் எதுவும் இல்லை" என்பார்கள், பொய் இல்லை, அவர்களிடம் இல்லை. அதைக் கேட்டுவிட்டு வாரண்ட்டே இல்லை என்று இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது பெயர், இது நமக்கென்றே வாய்த்த தொல்லை. அப்பா பெயர் லாஸ்ட் நேம் ஆகியிருக்கும், அல்லது லைசன்ஸில் எஃப்என்யூ (ஃபர்ஸ்ட் நேம் தெரியவில்லை) என்று ஏறியிருக்கும், ட்ரூப்பர் கைக்கு வந்தபடி தட்டியிருப்பார், கோர்ட் கிளார்க் அதைப் பார்த்து இன்னொரு விதமாகத் தட்டியிருப்பார். அதனால் ஃபோனில் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். லைசன்ஸ் நம்பர், பிறந்த தேதி (மாதம் முதலில், பிறகு நாள்), நிறுத்தப்பட்ட தேதி, எந்த நெடுஞ்சாலை, இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முன்னும் பின்னுமாகத் திருப்பித் தேடச் சொல்லுங்கள். டெக்சஸ் அரசுத் தளத்தில் லைசன்ஸ் எலிஜிபிலிட்டி என்று ஒரு பக்கம் உண்டு, அதில் உங்கள் லைசன்ஸ் நம்பரைப் போட்டால் ஹோல்ட் போட்ட கோர்ட் எது என்றே காட்டும். காசு கேட்கும் தளங்களை விட்டுத்தள்ளுங்கள்.

ஷெரிஃபுக்கு ஃபோன் போடலாமா என்றால், என் பதில் வேண்டாம். தப்பு என்று இல்லை. வாரண்ட்டை நிறைவேற்றுவது அவர் வேலை, ரத்து செய்வது அவர் கையில் இல்லை. அதை எழுதிய ஜட்ஜிடம்தான் ரத்து செய்யும் அதிகாரம் இருக்கிறது, ஜட்ஜின் கதவு கோர்ட் கிளார்க். நேரில் போய் ஷெரிஃப் கவுண்டரில் "என் பெயரில் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டவர் அப்படியே உள்ளே போனதும் நடந்திருக்கிறது.

ஹூஸ்டன்_மாமா | செவ்வாய் காலை 6.15

வாரண்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்கு ஒரு ஃபோன். ஷெரிஃப் ஆபீஸ் சார்ஜன்ட் பேசுகிறேன், ஜூரி டியூட்டிக்கு வராததால் பெஞ்ச் வாரண்ட் பிறப்பித்தாயிற்று, ஒரு மணி நேரத்துக்குள் ஜாமீன் கட்டாவிட்டால் வீட்டுக்கு வண்டி வரும் என்றார். நம்பரும் ஷெரிஃப் ஆபீஸ் நம்பராகவே திரையில் வந்தது. எப்படிக் கட்டுவது என்றால் கிஃப்ட் கார்டு வாங்கிப் பின்னால் இருக்கும் நம்பரைப் படிக்க வேண்டுமாம். நான் இன்னும் சிட்டிசனே ஆகவில்லை, எனக்கு எங்கே ஜூரி டியூட்டி! கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்று வைத்துவிட்டேன். ஆனால் இந்தத் தம்பி மாதிரி உண்மையிலேயே ஒரு பழைய டிக்கெட் மனதில் உறுத்திக்கொண்டிருப்பவர் அந்த ஃபோனில் கட்டாயம் மாட்டுவார். நிஜ கோர்ட் கிஃப்ட் கார்டும் பிட்காயினும் வாங்காது. சந்தேகம் என்றால் வைத்துவிட்டு, கவுண்டி தளத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களாகக் கூப்பிடுங்கள்.

லபக்குதாஸ் | செவ்வாய் காலை 8.20

அக்கா, கட்டாதே என்று ஏன் சொல்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?

வேகோ_அக்கா | செவ்வாய் மதியம் 12.30

பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஆன்லைனில் பட்டனை அழுத்தும்போதே கில்ட்டி அல்லது நோ கான்டெஸ்ட் (எதிர்த்து வாதாடவில்லை) என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும், நாம் யாரும் படிப்பதில்லை. அது கன்விக்‌ஷனாக ரெக்கார்டில் ஏறும், இன்ஷூரன்ஸ்காரன் பார்ப்பான். இரண்டாவது, இவருக்கு இப்போது ஒன்று இல்லை, இரண்டு கேஸ் இருக்கலாம்: ஸ்பீடிங் ஒன்று, ஆஜராகாதது தனியாக ஒன்று. டிக்கெட்டில் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு இல்லை, வருகிறேன் என்று கொடுத்த வாக்கு. அதை மீறினால் அதுவே தனிக் குற்றம். போர்ட்டலில் ஒன்றைக் கட்டிவிட்டு மற்றது அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேரத்தோடு போயிருந்தால் இவருக்கு டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு உரிமையாகவே கிடைத்திருக்கும், வரம்பைத் தாண்டியது 25 மைலுக்குக் கீழே என்பதால். தேதி போனதால் அந்த உரிமை போய்விட்டது. ஆனால் டிஃபர்ட் டிஸ்போசிஷன் என்று கேட்கலாம், அது ஜட்ஜ் இஷ்டம். 180 நாள் வரை நன்னடத்தை, வேறு டிக்கெட் வாங்காமல் இருந்தால் கேஸ் தள்ளுபடி, கன்விக்‌ஷன் இல்லை.

ஒரு நல்ல செய்தி. 2017ல் டெக்சஸில் சட்டம் மாற்றினார்கள். முதல் தேதிக்கு வரவில்லை என்று உடனே வாரண்ட் போட முடியாது, ஃபோனிலோ தபாலிலோ இன்னொரு தேதி சொல்லித் தெரிவித்த பிறகுதான் போடலாம். (அந்தத் தபால் உங்கள் இர்விங் வீட்டுக்குப் போயிருக்கும். வீடு மாறினால் 30 நாளுக்குள் லைசன்ஸில் முகவரி மாற்ற வேண்டும், யார் செய்கிறோம்!) அதே சட்டத்தில் இன்னொன்று: கைதாவதற்கு முன் நீங்களாகவே வந்து, தீர்த்துக்கொள்ள உண்மையாக முயன்றால், ஆஜராகாததற்காகப் போட்ட அந்த வாரண்ட்டை ஜட்ஜ் திரும்பப் பெற வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு ஃபோன் பண்ணுங்கள், குரல் நடுங்காது.

அப்புறம் ஒரு சொல் விளக்கம். டெக்சஸ் கிளார்க்கிடம் "பெஞ்ச் வாரண்ட்" என்று கேட்டால் முழிக்கலாம், இங்கே பெரும்பாலும் சிறையில் இருப்பவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் உத்தரவுக்குத்தான் அந்தப் பெயர். ஆஜராகாததற்கு ஏலியஸ் வாரண்ட் என்பார்கள், தீர்ப்பாகி ஃபைன் கட்டாமல் விட்டால் கேப்பியஸ் ப்ரோ ஃபைன். உங்களுடையது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் முடிக்கும் வழி இரண்டுக்கும் வேறு.

கொங்கு_டெக்ஸன் | செவ்வாய் மாலை 5.50

எல்லாம் சரி, ஆனால் இந்த ஊர்களே டிக்கெட் எழுதித்தான் பிழைக்கின்றன என்பதை யாரும் சொல்லமாட்டேன் என்கிறீர்களே. 75லிருந்து திடீரென்று 55, பலகை ஒரு மரத்துக்குப் பின்னால். வேட்டைதானே இது?

ஹூஸ்டன்_மாமா | செவ்வாய் மாலை 6.30

பாதி உண்மை. 5,000 பேருக்குக் குறைந்த ஊர், தன் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் டிராஃபிக் ஃபைனில் எடுத்தால் மிச்சத்தை மாநிலத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அப்படி ஒரு சட்டம் எழுத வேண்டி வந்ததிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இவரை நிறுத்தியது ட்ரூப்பர். அந்த டிக்கெட்டில் 62 டாலர் கோர்ட் செலவு, 50 டாலர் மாநில டிராஃபிக் ஃபைன், இரண்டிலும் பெரும்பகுதி ஆஸ்டினுக்கு, அதாவது மாநில அரசுக்குப் போகிறது. அந்த ஜேபிக்கு இதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

பெயர்_வேண்டாம்77 | செவ்வாய் இரவு 11.10

கைது என்பது சினிமாவில் மட்டும் என்று நினைக்காதீர்கள். என் ரூம்மேட், பழைய டிக்கெட், வாரண்ட் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பின்விளக்கு எரியவில்லை என்று வெள்ளிக்கிழமை இரவு நிறுத்தினார்கள், கணினியில் காட்டியது, கையில் விலங்கு. 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது விதி, ஆனால் சின்ன கவுண்டியில் வெள்ளி இரவு மாஜிஸ்ட்ரேட்டுக்கு எங்கே போவது. ஞாயிறு காலையில்தான் வெளியே வந்தான். வண்டியை டோ செய்த காசு டிக்கெட்டைவிட அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் டெக்சஸ் முழுக்க வாரண்ட் ரவுண்டப் என்று ஒன்று நடத்துவார்கள், போலீஸ்காரர்கள் தேடியே வருவார்கள்.

இப்போது என் கதை. எனக்கு அந்தக் கேப்பியஸ்தான். ஜட்ஜ் முன்னால் போய் ஒப்புக்கொண்டேன், தவணையில் கட்ட ஒத்துக்கொண்டேன், இரண்டு தவணை கட்டினேன், மூன்றாவது மாதம் வேலை போய்விட்டது. இப்போது வசூல் கம்பெனி கடிதம், 30 சதவீதம் சேர்த்துக் கேட்கிறார்கள். கட்ட முடியாது என்பதற்காக உள்ளே தள்ளுவார்களா?

வேகோ_அக்கா | புதன் காலை 7.05

கட்ட முடியாததற்காக மட்டும் தள்ளக் கூடாது. இது இந்த ஊர் கதைதான்: ஹூஸ்டனில் டேட் என்று ஒருவர், டிராஃபிக் ஃபைன் 425 டாலர் கட்ட வழியில்லை, கடனைக் கழிக்க உழைப்புப் பண்ணைக்கு அனுப்பினார்கள். 1971ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1983ல் ஜார்ஜியா வழக்கு ஒன்றிலும், கட்ட முடியாதவரா, கட்ட மனமில்லாதவரா என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று சொன்னார்கள். ஆனால் நீங்கள் போய்ச் சொன்னால்தானே ஜட்ஜுக்குத் தெரியும். வசூல் கம்பெனியோடு மல்லுக்கட்டாதீர்கள், கோர்ட் கிளார்க்கையே கூப்பிட்டு "கட்டும் வசதி பற்றி விசாரணை வேண்டும்" என்று கேளுங்கள். வேலை போன கடிதம், பாங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ரசீது எடுத்துக்கொண்டு போங்கள். தவணையைக் குறைக்கலாம், சமூக சேவையாக மாற்றலாம், தள்ளுபடி செய்யவும் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. எச்1பி என்றால் சமூக சேவை விஷயத்தை மட்டும் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிஸ்கோவாசி | புதன் காலை 11.20

அக்கா, பேசிவிட்டேன். எலிஜிபிலிட்டி பக்கத்தில் பிரிசிங்க்ட் 2 என்று காட்டியது. 9 மணிக்குக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை, 10 மணிக்கு ஒரு அம்மா எடுத்தார். என் பெயரில் எதுவும் இல்லை என்றார். அப்பா பெயரைச் சொன்னேன், இல்லை. பிறந்த தேதி சொன்னதும் "ஓ, நீங்களா" என்றார்! இனிஷியல் நடுவில் நுழைந்து அப்பா பெயர் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறதாம். வாரண்ட் இருக்கிறது, ஆஜராகாத கேஸும் தனியாக இருக்கிறது. ஜட்ஜ் செவ்வாய் வியாழன் இருப்பார், நீங்களாக வந்தால் வாரண்ட்டை எடுத்துவிடுவார், மதியம் 12 முதல் 1 வரை பூட்டியிருப்போம், அப்போது வந்து வாசலில் நிற்காதீர்கள் என்றார். இவ்வளவு சாதாரணமாகப் பேசுவார்கள் என்று நினைக்கவே இல்லை. நேரில் போவதா, வக்கீல் வைப்பதா?

கொங்கு_டெக்ஸன் | புதன் மதியம் 1.15

வக்கீல் வையுங்கள். வாரண்ட் உயிரோடு இருக்கும்போது அவ்வளவு தூரம் நீங்களே ஓட்டிக்கொண்டு போய் நடுவழியில் நிறுத்தினால்? வக்கீல் பாண்ட் (பிணைப் பத்திரம்) போட்டாலே வாரண்ட் விழுந்துவிடும் என்று கேள்விப்பட்டேன்.

வேகோ_அக்கா | புதன் இரவு 9.30

இரண்டும் சரிதான். வக்கீல் பாண்ட் போட்டு எடுப்பது வழக்கமான வழி. டிடபிள்யூஐ (குடித்துவிட்டு ஓட்டியது) மாதிரி பெரிய கேஸில் தேதி தவறியிருந்தால் வக்கீல் இல்லாமல் அந்தக் கோர்ட் பக்கமே போகக் கூடாது என்பேன். அங்கே பழைய ஜாமீனே பறிபோகும், புது ஜாமீனை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போய்ச் சரணடைந்து அன்றே வெளியே வர வேண்டும், அதெல்லாம் தனி ஆட்டம். இது ஃபைன் மட்டும் உள்ள கேஸ். கிளார்க் வாயாலேயே வா என்று சொல்லியிருக்கிறார். மனைவியை ஓட்டச் சொல்லுங்கள், கிளம்பும் முன் கிளார்க்குக்கு ஒரு மெயில் போட்டு அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாம்பிங் பற்றிக் கேட்டீர்கள். டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தில் கைதானது உண்டா, தண்டனை உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. டிக்கெட் வாங்குவது கைது இல்லை, ஆனால் வாரண்ட்டில் பிடித்துக் கைரேகை எடுத்துவிட்டால் அது கைது, பிறகு வாழ்நாள் முழுக்க ஆம் என்று டிக் அடித்து விளக்கம் எழுத வேண்டும். சிட்டிசன்ஷிப் படிவத்தில், கைது இல்லாத, 500 டாலருக்குக் குறைந்த டிராஃபிக் ஃபைனுக்குக் காகிதம் தேவையில்லை என்கிறார்கள், மதுவோ போதையோ சம்பந்தப்படாதவரை. எது எப்படியானாலும் கேஸ் முடிந்ததும் கோர்ட் முத்திரை போட்ட சர்டிஃபைட் காப்பி இரண்டு வாங்குங்கள். சின்ன கோர்ட்டில் பத்து வருடம் கழித்துக் கேட்டால் ஃபைலை அழித்திருப்பார்கள்.

ஃபிரிஸ்கோவாசி | அடுத்த வியாழன் இரவு 8.45

முடிந்தது. புதன் இரவே கிளம்பி வழியில் தங்கிவிட்டு, காலை 9.30க்கு உள்ளே போனோம், 10.10க்கு வெளியே வந்தோம். தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தை ஒட்டி ஒரு அறை, அதுதான் கோர்ட். ஜட்ஜ் என்னைவிட என் மகளிடம்தான் அதிகம் பேசினார். வாரண்ட்டை ரத்து செய்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஸ்பீடிங்குக்கு 90 நாள் டிஃபர்ட். ஆஜராகாத கேஸைக் கவுண்டி அட்டர்னி சம்மதத்தோடு தள்ளுபடி செய்தார். வாரண்ட் கட்டணம் 50, லைசன்ஸ் ஹோல்ட் கட்டணம் 10, மற்றதெல்லாம் சேர்த்து 291 டாலர். காப்பி இரண்டு வாங்கினேன் அக்கா. ஹோல்ட் எடுக்க அவர்கள் தகவல் அனுப்பி சில வேலை நாள் ஆகுமாம், அதுவரை லைசன்ஸ் ஆபீஸ் பக்கம் போகாதீர்கள் என்றார் அந்த அம்மா. திரும்பும்போது அதே இடம், மனைவி 50ல் ஓட்டினார், பின்னால் வந்த டிரக்காரன் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டான்.

துல்சா_தோசை | வெள்ளி காலை 7.40

இதைப் படித்துவிட்டு எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அண்ணன் மகன் இங்கே ஓக்லஹோமாவில் எஃப்1 மாணவர் விசாவில் படிக்கிறான், போன செமஸ்டரில் ஒரு கிராமத்துப் பக்கம் டிக்கெட் வாங்கியதாகச் சொன்னான், கட்டினாயா என்றால் தலையைச் சொறிகிறான். ஏப்ரல் 2025ல் போலீஸ் டேட்டாபேஸில் பெயரை ஓட்டி ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸை (வெளிநாட்டு மாணவர் பதிவு) நிறுத்தினார்களே, மாத இறுதியில் திருப்பிக் கொடுத்தாலும் அந்த நாட்களை மறக்க முடியவில்லை. இங்கேயும் ஜேபியைத்தான் தேட வேண்டுமா?

வேகோ_அக்கா | வெள்ளி காலை 8.15

இல்லை, ஓக்லஹோமாவில் ஜேபி கிடையாது. ஊர் போலீஸ் டிக்கெட் என்றால் முனிசிபல் கோர்ட், மற்றது அந்தந்த கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். உங்களுக்கு ஒரு வசதி, 77 கவுண்டிக்கும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் டாக்கெட் (கேஸ் பதிவேடு) இணையத்திலேயே இருக்கிறது, ஓஎஸ்சிஎன் தளத்தில் காசில்லாமல் தேடலாம், அதில் இல்லாத கவுண்டிக்கு ஓடிசிஆர் என்று இன்னொரு தளம். கேஸைத் திறந்து கீழே வரிசையாகப் படியுங்கள். பிடபிள்யூஐ என்று தொடங்கும் குறியீடு இருந்தால் அதுதான் பெஞ்ச் வாரண்ட், அங்கே அந்தப் பெயர் சரியான பெயர். அவனுடைய பெயரை எல்லா விதமாகவும் போட்டுத் தேடுங்கள்.

துல்சா_தோசை | வெள்ளி காலை 8.52

நாலாவது விதத்தில் கிடைத்தது. ஃபர்ஸ்ட் நேமும் லாஸ்ட் நேமும் ஒட்டி ஒரே பெயராக இருக்கிறது. பிடபிள்யூஐ இருக்கிறது, போன மாதம் 14ம் தேதி. கிளார்க் ஆபீஸ் திறந்துவிட்டது, ஃபோனை அவன் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடிக்கிறது.